எந்தப் பாகம் எத்தனை வாட் தின்கிறது?

கணினித் திரையில் ரெசிஸ்டர் கருகாது. 12 வோல்ட் மூலத்துக்குக் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வரைந்து ஓடவிட்டால், 120 மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று மென்பொருள் அமைதியாகச் சொல்லிவிடும். அதே சுற்றைக் கடையில் வாங்கிய கால் வாட் ரெசிஸ்டரைக் கொண்டு போர்டில் கட்டினால் கொஞ்ச நேரத்தில் கருகல் வாசனை வரும்; ரெசிஸ்டரின் வண்ணப் பட்டைகள் கறுத்துப்போகும். 12 வோல்ட்டை 0.12 ஆம்பியரால் பெருக்கினால் 1.44 வாட். கால் வாட் மட்டுமே தாங்கும் பாகத்தின் தலையில் கிட்டத்தட்ட ஆறு மடங்கு சுமை ஏறியிருக்கிறது.

மென்பொருள் இதை மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் அது சொல்லவில்லை. அதன் கண்ணுக்கு அந்த ரெசிஸ்டர் வெறும் 100 என்ற எண். கால் வாட்டா, ஐந்து வாட்டா, பீங்கான் உடம்பா, கார்பன் படலமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. மின்னழுத்தம் சரியாக வந்துவிட்டது என்று மகிழ்ந்து சிமுலேஷனை மூடிவிடுகிற பழக்கம் மாணவர்களிடம் மட்டுமல்ல, அனுபவசாலிகளிடமும் இருக்கிறது. சால்டரிங் அயர்னைச் சூடாக்கும் முன் ஒவ்வொரு பாகத்தின் திறனையும் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்பதே இந்த அத்தியாயம் வலியுறுத்தும் பழக்கம். எப்படிக் கேட்பது, வரும் பதிலில் எதை நம்புவது என்பதுதான் இனி வருவது.

காரைக்குடிக்கு இந்தப் பாடம் அந்நியமானதல்ல. கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் இங்கே வந்த ஆய்வகம் சிக்ரி என்று ஊரார் அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று, அப்போது குடியரசுத் துணைத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அதற்கு முந்தைய ஆண்டு, 1952இல், அழகப்பரின் பெயரிலான பொறியியல் கல்லூரி தொடங்கியது. பேட்டரியும் மின்சுற்றும் எழுபது ஆண்டுகளாகப் படிக்கப்படும் ஊர் இது. ஆனாலும் இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்யும் மாணவர் ஒரு டிரான்சிஸ்டரை எரித்துவிட்டால், அதே எண் உள்ளூர்க் கடையில் இல்லாதபோது மதுரைக்கோ சென்னை ரிச்சி தெருவுக்கோ சொல்லி அனுப்பிக் காத்திருக்க வேண்டும். திரையில் எரித்துப் பார்ப்பது அந்தக் காத்திருப்பை மிச்சப்படுத்தும்.

இன்று புழக்கத்தில் இருக்கும் சுற்று சிமுலேட்டர்களில் பெரும்பாலானவை ஒரே குடும்பம். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரொனால்டு ரோரர் நடத்திய வகுப்பில் முளைத்த கேன்சர் என்ற நிரலை, டொனால்டு பெடர்சனின் வழிகாட்டுதலில் லாரன்ஸ் நாகல் ஸ்பைஸாக வளர்த்தார். 1973இல் ஸ்பைஸ் உலகுக்கு அறிமுகமானது. மூல நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பெர்க்லி திறந்துவிட்டதால் அதன் வாரிசுகள் பல்கிப் பெருகின. மைக் எங்கெல்ஹார்ட் எழுதிய எல்டிஸ்பைஸ், திறந்த மூல என்ஜிஸ்பைஸ், அந்த என்ஜிஸ்பைஸையும் கிகேடையும் இணைத்து மும்பை ஐஐடியின் ஃபாஸி குழு உருவாக்கிய இசிம் ஆகிய மூன்றும் விலையில்லாமல் கிடைப்பவை. இந்த அத்தியாயம் முதலில் எல்டிஸ்பைஸை எடுத்துக்கொள்கிறது. திறனைப் பார்க்க அதில்தான் வழி மிகச் சுருக்கம்.

ஆல்ட் விசையும் தெர்மாமீட்டரும்

சுற்றை வரைந்து, நேரப்போக்கு ஆய்வைத் தேர்ந்து, ஓடவிட வேண்டும். ஓடி முடிந்ததும் சுட்டியைக் கம்பியின் மேல் கொண்டுபோனால் அது மின்னழுத்தம் பார்க்கும் ஆய்வுமுனையாக மாறும். பாகத்தின் மேல் கொண்டுபோனால் மின்னோட்டம் பார்க்கும் வளையமாக மாறும். ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு பாகத்தின் மேல் நகர்த்தினால் சுட்டி ஒரு சின்னத் தெர்மாமீட்டராகிவிடும். அந்த நிலையில் சொடுக்கினால், அந்தப் பாகத்தின் திறன் வாட் அலகில் வரைபடமாக விழும். வரைபடத்தின் தலைப்பில் மென்பொருள் எதை எதோடு பெருக்கியது என்பதும் எழுதியிருக்கும். ரெசிஸ்டர் என்றால் இரு முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தம் பெருக்கல் அதன் மின்னோட்டம். இருமுனைச் சந்தி டிரான்சிஸ்டர் என்றால் கலெக்டர்–எமிட்டர் மின்னழுத்தம் பெருக்கல் கலெக்டர் ஓட்டம், அதோடு பேஸ் பக்கத்துப் பெருக்கலும் கூட்டல். அந்தத் தலைப்பை ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது.

திரையில் விழுவது கணத்துக்குக் கணம் மாறும் திறன். பாகம் சூடாவதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சராசரி. கண்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு வரைபடத்தின் தலைப்பின் மேல் சொடுக்கினால் ஒரு சிறு பெட்டி திறக்கும். அதில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று சராசரி, வாட்டில். இன்னொன்று தொகை, அதாவது அந்த நேரத்தில் செலவான ஆற்றல், ஜூலில்.

இங்கே ஒரு பொறி காத்திருக்கிறது. அந்தப் பெட்டி கணக்கிடுவது திரையில் தெரியும் பகுதிக்கு மட்டும். உற்றுப் பார்ப்பதற்காக வரைபடத்தைப் பெரிதாக்கினால் சராசரியும் மாறிவிடும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு சுற்று 20 மில்லி விநாடி. இரண்டேகால் சுற்றைத் திரையில் வைத்துக்கொண்டு எடுத்த சராசரி எதற்கும் உதவாது. முழுச் சுற்றுகளாக எடுக்க வேண்டும். அதுவும் தொடக்கத் தடுமாற்றம் அடங்கிய பிறகு எடுக்க வேண்டும்.

கையால் பெரிதாக்கிச் சுருக்குவதைவிட, மெஷர் கட்டளையைச் சுற்றுப் படத்திலேயே எழுதி வைப்பது மேல். ஒரு முற்றுப்புள்ளி, அதையடுத்து மெஷர் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் நான்கு எழுத்துகள், பிறகு ஆய்வின் வகை, விடைக்கு ஒரு பெயர், சராசரி என்பதற்கான குறி, பெருக்க வேண்டிய கோவை, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்ற வரம்பு. 100 மில்லி விநாடியிலிருந்து 200 மில்லி விநாடி வரை என்று கொடுத்தால் சரியாக ஐந்து சுற்றுகள் அகப்படும். விடை பிழைப் பதிவேட்டில் விழும். கண்ட்ரோலுடன் எல் எழுத்தை அழுத்தினால் பதிவேடு திறக்கும். பாகத்தின் மதிப்பை மாற்றி மீண்டும் மீண்டும் ஓட்டும்போது, ஒவ்வொரு முறையும் அதே வரம்பில் விடை கிடைக்கும் என்பதுதான் இதன் பெரிய லாபம்.

வரவும் பற்றும்

ஆல்ட் விசையோடு மின்மூலத்தைச் சொடுக்கும் புதியவர்கள் பதறிப்போவதுண்டு. எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி நிற்கும். பிழை எதுவும் இல்லை. பாகம் சுற்றிலிருந்து வாங்குவதைக் கூட்டல் என்றும், சுற்றுக்குக் கொடுப்பதைக் கழித்தல் என்றும் எழுதுவது ஸ்பைஸ் குடும்பத்தின் மரபு. மூலத்தின் நேர்முனைக்குள் புகுந்து எதிர்முனை வழியே வெளியேறும் ஓட்டம்தான் அதற்கு நேர் ஓட்டம். ஆகவே வேலை செய்கிற மூலம் எப்போதும் கழித்தல் காட்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. 12 வோல்ட் அடாப்டர், 7805 ரெகுலேட்டர், 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் இழுக்கும் சுமை. ரெகுலேட்டர் தன் சொந்தச் செலவுக்கு எடுக்கும் ஓட்டம் 5 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். சுமையின் திறன் 2.5 வாட். ரெகுலேட்டரின் திறன் 3.56 வாட். மூலம் காட்டுவது கழித்தல் 6.06 வாட். மூன்றையும் கூட்டினால் சுழி.

அந்தச் சுழி தற்செயல் இல்லை. எந்த மூடிய சுற்றிலும், எந்தக் கணத்திலும், எல்லாப் பாகங்களின் திறனையும் குறியோடு கூட்டினால் சுழிதான் வரும். டச்சுப் பொறியாளர் பெர்னார்டு டெல்லஜன் 1952இல் நிறுவிய தேற்றத்திலிருந்து இது நேராக வருகிறது. பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த நகரத்தார் ஐந்தொகை போடும்போது ஒரு காசு இடித்தாலும் பேரேட்டை மூடமாட்டார்கள். சுற்றின் திறன் கணக்கையும் அதே கறாரோடு பார்க்கலாம். எல்லாப் பாகங்களுக்கும் மெஷர் வரி எழுதி, கூட்டி, சுழி வருகிறதா என்று பார்த்துவிட்டால், எங்கோ ஒரு பாகத்தை விட்டுவிட்டோமா, குறியை மாற்றிப் போட்டோமா என்பது உடனே தெரிந்துவிடும்.

சில நேரம் சுழி வந்தும் கணக்கு பொய்யாக இருக்கும். ஆப் ஆம்ப் சில்லுகளுக்கு உற்பத்தியாளர்கள் கொடுக்கும் மாதிரிகளில், குறிப்பாகப் பழையவற்றில், வெளியீட்டு ஓட்டம் மின்வழங்கல் கால்களிலிருந்து வராது. மாதிரியின் வயிற்றுக்குள் இருக்கும் ஒரு கற்பனை மூலத்திலிருந்து வரும். சுமையில் அரை வாட் செலவாகும்போதும் வழங்கல் காலில் ஓட்டம் அசையாமல் நிற்கும். சில்லின் திறன் கழித்தலாகக்கூடக் காட்டும். மின்சாரத்தை உற்பத்தி செய்யும் ஆப் ஆம்ப் உலகில் கிடையாது. சுமையைக் கூட்டினால் வழங்கல் ஓட்டமும் கூடுகிறதா என்று சோதித்துவிட்டு, கூடவில்லை என்றால் அந்தச் சில்லின் திறனைத் தரவுத்தாளிலிருந்து கையால் கணக்கிடுவதே வழி.

மலிவு எல்இடி பல்பின் உள்ளே

சிமுலேஷனில் திறனைப் படிக்கக் கற்றுக்கொள்ள, விலை மலிந்த எல்இடி பல்பைவிட நல்ல பாடப்பொருள் அமைவது கடினம். அதைத் திறந்தால் டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது. 230 வோல்ட் நேரே ஒரு கெப்பாசிட்டர் வழியாக நுழைந்து, நான்கு டையோடுகளில் திருத்தப்பட்டு, வரிசையாகக் கோத்த எல்இடிகளுக்குப் போகும். கூடவே ஒரு சிறிய ரெசிஸ்டர். இதைக் கையில் வைத்துக்கொண்டு அளப்பது ஆபத்து. மின்வலையிலிருந்து பிரிப்பே இல்லாததால் பல்பின் உள்ளே எந்தப் புள்ளியைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும். ஆஸிலாஸ்கோப்பின் தரைக் கவ்வியைத் தவறான இடத்தில் மாட்டினால் கருவியே போய்விடும். திரையில் எந்தப் பாகத்தையும் அச்சமின்றித் தொடலாம்.

வரைய வேண்டியவை இவை: 325 வோல்ட் உச்சமும் 50 ஹெர்ட்ஸும் கொண்ட சைன் மூலம் (230 வோல்ட் என்பது ஆர்எம்எஸ் அளவு), 100 ஓம் ரெசிஸ்டர், 0.47 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், டையோடு பாலம், பாலத்தின் வெளியீட்டில் 4.7 மைக்ரோ ஃபாரட், அதற்கு இணையாக ஒவ்வொன்றும் 3 வோல்ட் பிடிக்கும் 20 எல்இடிகள். வரிசையின் மொத்த மின்னழுத்தம் 60 வோல்ட். 0.47 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 6,770 ஓம் எதிர்ப்புக் காட்டும். எல்இடி வரிசைக்குள் சராசரியாக 25 மில்லி ஆம்பியர் போகும். ஆகவே எல்இடிகளுக்கு 1.5 வாட்.

இப்போது கெப்பாசிட்டரின் மேல் ஆல்ட் சொடுக்கு. வரைபடம் கூட்டலிலும் கழித்தலிலுமாகப் பல வாட் உயரத்துக்கு ஏறி இறங்கும். இவ்வளவு பெரிய திறனை இந்தச் சின்னப் பாகம் எப்படித் தாங்கும் என்று தோன்றும். சராசரியைக் கேட்டால் விடை சுழி. கால் சுற்றில் வாங்கியதை அடுத்த கால் சுற்றில் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. சூடாக எதையும் வைத்துக்கொள்வதில்லை. கணத்திறன் வரைபடத்தின் உச்சத்தைப் பார்த்துப் பாகத்தைத் தேர்ந்தெடுப்பவர் இந்த இடத்தில் தேவையில்லாமல் பயந்துபோவார்.

மூலத்தைப் பார்த்தால் இன்னொரு பாடம். மின்னழுத்தத்தின் ஆர்எம்எஸ் 230 வோல்ட். ஓட்டத்தின் ஆர்எம்எஸ் ஏறத்தாழ 32 மில்லி ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 7.3 வரும். இது வாட் இல்லை, வோல்ட்-ஆம்பியர். ஆல்ட் சொடுக்கில் வரும் வரைபடத்தின் சராசரி 1.6 வாட்டை ஒட்டியே நிற்கும்: எல்இடிகளுக்கு 1.5, ரெசிஸ்டருக்கு 0.1, மிச்சம் டையோடுகளுக்கு. திறன் காரணி 0.22 அளவில்தான் இருக்கிறது. ஆர்எம்எஸ்ஸை ஆர்எம்எஸ்ஸால் பெருக்கி அதை வாட் என்று எழுதிவிடும் தவறு ப்ராஜெக்ட் அறிக்கைகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. கணத்துக்குக் கணம் பெருக்கி, பிறகு சராசரி எடுப்பது ஒன்றே சரியான வரிசை.

ரெசிஸ்டருக்கு 0.1 வாட்தானே, கால் வாட் பாகம் தாராளமாகப் போதும் என்று இந்த இடத்தில் முடிவெடுத்தால் பல்பு சில மாதங்களில் அணைந்துபோக வாய்ப்பு உண்டு. சுவிட்சைப் போடும் கணம் இன்னும் பார்க்கப்படவில்லை. மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது யாராவது சுவிட்சைத் தட்டினால், கெப்பாசிட்டர் காலியாக இருப்பதால் 325 வோல்ட் முழுவதும் அந்த 100 ஓம் ரெசிஸ்டரின் மேல் விழும். ஓட்டம் 3.25 ஆம்பியர். திறன் 1,056 வாட்.

ஆயிரம் வாட். ஓர் இஸ்திரிப் பெட்டியின் அளவு, அரிசி நீளப் பாகத்துக்குள். ஆனால் அது நீடிப்பது ஒரு மில்லி விநாடியில் கால் பங்குக்கும் குறைவு. கண்ட்ரோல் சொடுக்கில் வரும் இரண்டாவது எண் இங்கேதான் உதவுகிறது: ஆற்றல் 0.02 ஜூலைச் சற்றே தாண்டும். சராசரிக்கு இங்கே பொருள் இல்லை. இத்தனை ஜூலை ஒரே அடியில் தாங்குமா என்பதைத் துடிப்புத் தாங்குதிறன் பற்றிய தரவுத்தாள் வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். சாதாரணக் கார்பன் படல ரெசிஸ்டருக்குப் பதிலாகக் கம்பி சுற்றிய, ஃப்யூஸ் போல அறுந்துபோகக்கூடிய ரெசிஸ்டரை நல்ல உற்பத்தியாளர்கள் இந்த இடத்தில் வைப்பது இதனால்தான்.

இந்த ஆயிரம் வாட்டைத் திரையில் காண இரண்டு மாற்றங்கள் தேவை. சைன் மூலம் வழக்கமாகச் சுழியிலிருந்து தொடங்கும். அப்படி ஓட்டினால் அதிர்ச்சி தெரியவே தெரியாது. தொடக்கக் கட்டத்தை 90 டிகிரி என்று கொடுக்க வேண்டும். அது மட்டும் போதாது. சிமுலேஷனைத் தொடங்கும் முன் ஸ்பைஸ் ஒரு நேர்மின் சமநிலையைக் கணக்கிடும். அந்தக் கணக்கில் கெப்பாசிட்டர் ஏற்கெனவே 325 வோல்ட்டுக்கு நிறைந்துவிடும். அதனால் நேரப்போக்குக் கட்டளையின் கடைசியில் யுஐசி என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்து, அந்த முன்கணக்கைத் தவிர்க்கச் சொல்ல வேண்டும். இரண்டையும் செய்தபின் ரெசிஸ்டரின் திறன் வரைபடத்தில் இடது ஓரத்தில் ஊசிபோல ஒரு கோடு எழும். பல பேர் அதைச் சட்டத்தின் ஓரக்கோடு என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். முதல் அரை மில்லி விநாடியை மட்டும் பெரிதாக்கினால்தான் அதன் வடிவம் தெரியும்.

மிக வேகமாக நடப்பவை

சோலார் சார்ஜர், இன்வெர்ட்டர் போன்ற ஸ்விட்ச்சிங் சுற்றுகளில் மாஸ்ஃபெட் திறக்கும் மூடும் கணங்களில் தாவும் திறன் மிகக் குறுகியது. 18 வோல்ட் பேனலிலிருந்து 5 ஆம்பியரில் பேட்டரியை ஏற்றும் சுற்று 100 கிலோ ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று கொள்ளலாம். மாஸ்ஃபெட்டின் உள்தடை 10 மில்லி ஓம் என்றால், திறந்திருக்கும் நேரத்தில் அதில் போகும் சராசரி இழப்பு 0.2 வாட்டுக்குள். திறக்கவும் மூடவும் தலா 50 நானோ விநாடி ஆகிறதென்றால், அந்த நேரங்களில் திறன் 90 வாட் வரை எகிறும். சராசரியில் அது 0.45 வாட் சேர்க்கும். பெரிய இழப்பு வெறும் உள்தடையில் இல்லை, இந்த ஊசிகளில் இருக்கிறது.

சிமுலேட்டர் அந்த ஊசியின் மேல் போதுமான புள்ளிகளை வைக்காவிட்டால் 0.45 வாட் மாயமாகிவிடும். அதிகபட்ச நேரப்படியைச் சில நானோ விநாடிகளுக்குக் கட்டுப்படுத்துவது முதல் மருந்து. அலைவடிவத்தைச் சுருக்கிச் சேமிக்கும் வழக்கம் எல்டிஸ்பைஸுக்கு உண்டு. ப்ளாட்வின்சைஸ் என்ற விருப்பத்தைச் சுழியாக வைத்தால் சுருக்காமல் சேமிக்கும். கோப்பு பெரிதாகும், ஓட்டம் மெதுவாகும். விடை நம்பும்படி இருக்கும். நேரப்படியைப் பாதியாக்கி இன்னொரு முறை ஓட்டி, சராசரி மாறாமல் நின்றால் போதும்.

வாட் எல்லாம் சூடு அல்ல

சிக்ரி இருக்கும் ஊரில் பேட்டரியைப் பற்றிப் பேசாமல் திறனைப் பற்றிப் பேச முடியாது. பேட்டரியை மென்பொருளில் எளிமையாக எழுதும் முறை, ஒரு மின்னழுத்த மூலமும் அதோடு வரிசையில் ஓர் உள்தடையும். 12.6 வோல்ட், 0.01 ஓம் என்று வைத்து 10 ஆம்பியரில் ஏற்றினால், மூலத்தின் திறன் இம்முறை கூட்டல் 126 வாட் என்று காட்டும். அது சூடு இல்லை; வேதி ஆற்றலாக உள்ளே போவது. சூடாவது உள்தடையில் போகும் 1 வாட் மட்டும். மின்வெட்டில் இன்வெர்ட்டர் அதே பேட்டரியிலிருந்து 50 ஆம்பியர் இழுத்தால் மூலம் கழித்தலுக்கு மாறும். உள்தடையில் 25 வாட் சூடாகும். ஓட்டம் ஐந்து மடங்கானால் சூடு இருபத்தைந்து மடங்கு. மூலத்தையும் உள்தடையையும் ஒரே குறியீட்டுக்குள் சுருக்கி வைத்து மொத்தத் திறனை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். ஆகவே உள்தடையைத் தனி ரெசிஸ்டராக வரைவதே நல்லது. காயிலுக்கும் இதே விதி: செப்புக் கம்பியின் தடையைத் தனியாக எழுதினால்தான் சூடு தனியாகத் தெரியும்.

மற்ற மென்பொருள்கள்

பிஸ்பைஸில் வாட் குறியை எடுத்துப் பாகத்தின் மேல் வைத்தால் போதும். மல்டிசிமில் வாட்மீட்டர் என்ற கருவியே உண்டு. மின்னழுத்த முனைகளை இணையாகவும் ஓட்ட முனைகளை வரிசையாகவும் இணைத்தால் சராசரித் திறனையும் திறன் காரணியையும் சேர்த்துக் காட்டும். உலாவியிலேயே ஓடும் ஃபால்ஸ்டட் சிமுலேட்டரில் பாகத்தின் மேல் சுட்டியை வைத்தாலே அந்தக் கணத்தின் வாட் ஓரத்தில் தெரியும். பள்ளி மாணவர்களுக்கு அதைவிட எளிய தொடக்கம் இல்லை.

என்ஜிஸ்பைஸிலும் இசிமிலும் கொஞ்சம் முன்யோசனை வேண்டும். ரெசிஸ்டரின் ஓட்டத்தை என்ஜிஸ்பைஸ் தானாகச் சேமிப்பதில்லை. திறன் நேராக வேண்டுமென்றால், மின்னஞ்சல் முகவரியில் வரும் அட் குறி, ரெசிஸ்டரின் பெயர், சதுர அடைப்புக்குள் ஆங்கில பி எழுத்து என்று எழுதி, ஓட்டத் தொடங்கும் முன்பே சேமிக்கச் சொல்ல வேண்டும். இன்னொரு பழைய உத்தி, பாகத்தோடு வரிசையில் சுழி வோல்ட் மூலம் ஒன்றைச் செருகுவது. சுற்றை அது பாதிக்காது. ஆனால் மூலத்தின் ஓட்டம் எப்போதும் சேமிக்கப்படுவதால் அம்மீட்டராக வேலை செய்யும். அந்த ஓட்டத்தைப் பாகத்தின் மின்னழுத்தத்தால் பெருக்கினால் திறன். மூலத்தின் நேர்முனை ஓட்டம் வரும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். திருப்பி வைத்தால் குறி மாறும்.

வாட்டிலிருந்து டிகிரிக்கு

7805க்குத் திரும்பலாம். அதன் திறன் 3.56 வாட் என்று சிமுலேஷன் சொன்னது. இது அதிகமா, குறைவா? வாட்டை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஹீட் சிங்க் இல்லாத டிஓ-220 உறைக்கு, சந்தியிலிருந்து காற்றுக்கு ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 65 டிகிரி என்று தரவுத்தாள் சொல்லும். 3.56ஐ 65ஆல் பெருக்கினால் 231 டிகிரி ஏற்றம். கத்திரி வெயிலில் காரைக்குடியின் காற்று 40 டிகிரி என்றால், உள்ளே 271 டிகிரி. ரெகுலேட்டரின் வரம்பு 125. நடைமுறையில் அது அவ்வளவு தூரம் போகாது. உள்ளிருக்கும் வெப்பக் காப்பு அதற்கு முன்பே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். காலையில் நன்றாக ஓடிய கருவி மதியம் விட்டு விட்டு அணைகிறது என்று சொல்லிக் கொண்டுவருபவர்களின் போர்டில் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டிய இடம் இது. விரலால் தொட வேண்டாம்.

திருப்பிக் கணக்குப் போட்டால் எவ்வளவு பெரிய ஹீட் சிங்க் வேண்டும் என்பது வரும். 125க்கும் 40க்கும் இடையே 85 டிகிரி; அதை 3.56ஆல் வகுத்தால் ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 24 டிகிரி. சந்தியிலிருந்து உறைக்கு 5, பசை பூசிய இடைவெளிக்கு 1 என்று கழித்தால் ஹீட் சிங்குக்கு மிஞ்சுவது 18. கருவி மூடிய பெட்டிக்குள் இருந்து, உள்ளே காற்று 55 டிகிரி ஆகிவிட்டால் அந்த 18 சுருங்கி 14க்கும் கீழே போய்விடும். சிமுலேட்டருக்கு வெயிலும் தெரியாது, பெட்டியும் தெரியாது. அது கொடுத்த வாட்டை எடுத்து இந்தக் கணக்கைக் கையால் போடுவது மனிதர் வேலை. ரெசிஸ்டர்களுக்கும் இது பொருந்தும். கால் வாட் என்று விற்கப்படும் சாதாரணப் படல ரெசிஸ்டர் முழுக் கால் வாட்டைத் தாங்குவது சுற்றுப்புறம் 70 டிகிரியைத் தாண்டாதவரைதான். அதற்கு மேல் தாங்குதிறன் படிப்படியாகக் குறையும். மதிப்பிட்ட திறனில் பாதிக்கு மேல் ஏற்றாமல் இருப்பது பழுதுபார்ப்பவர்களின் நெடுநாள் வழக்கம்.

போர்டு தயாரானதும் செய்ய வேண்டிய சோதனை சிறியது. அடாப்டரிலிருந்து வரும் ஓட்டத்தை மல்டிமீட்டரில் அளந்து, ரெகுலேட்டரின் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையிலான மின்னழுத்தத்தையும் அளந்து, பெருக்கினால் 3.5 வாட்டை ஒட்டி வர வேண்டும். அதைவிட அதிகமாக வந்தால் அடாப்டரைச் சந்தேகிக்கலாம். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பழைய கனமான அடாப்டர்களில் 12 வோல்ட் என்று எழுதியிருந்தாலும், முழுச் சுமை இல்லாதபோது 15, 16 வோல்ட் வரை கொடுப்பவை உண்டு. 15 வோல்ட் வந்தால் ரெகுலேட்டரின் பங்கு 5 வாட்டைத் தாண்டிவிடும். மேலே போட்ட ஹீட் சிங்க் கணக்கு செல்லாது. மூலத்தின் மதிப்பை 12லிருந்து 15ஆக மாற்றி, மெஷர் வரியை அப்படியே விட்டு, சிமுலேஷனை இன்னொரு முறை ஓட்டிவிட்டுத்தான் ஹீட் சிங்க் வாங்கப் போக வேண்டும்.